எண்ணுவதும் ஏவுவதும்: ஸ்விட்ச் மேலாண்மை இருவழியாகப் பிரிந்த வரலாறு

அவிநாசிபாளையம் வட்டாரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் மேலாண்மை வசதியுள்ள ஸ்விட்ச்சை ரேக்கில் ஏற்றுபவர் இரண்டு வேலைகளைத் தனித்தனியே செய்கிறார். மேலாண்மைக்கென ஒரு வி.லேன் ஒதுக்கி, அதில் ஸ்விட்ச்சுக்கு ஐ.பி. முகவரி கொடுத்து, டெல்நெட்டை அடைத்து எஸ்.எஸ்.ஹெச்.சைத் திறந்து, எந்தக் கணினியிலிருந்து உள்ளே வரலாம் என்று வரையறுப்பது ஒன்று. எஸ்.என்.எம்.பி.யை இயக்கி, கண்காணிப்பு மென்பொருள் படிக்க மட்டும் அனுமதி தருவது மற்றொன்று. கட்டிங் பிரிவுக்குப் போகும் போர்ட்டில் எவ்வளவு தரவு ஓடுகிறது, பேக்கிங் பக்கத்து இணைப்பு எத்தனை முறை அறுந்தது, பஞ்சு அடைத்த விசிறியால் பெட்டி எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதையெல்லாம் இரண்டாவது வழி சொல்லும். அதே போர்ட்டை வேறு வி.லேனுக்கு மாற்ற வேண்டுமென்றால் முதல் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே பெட்டி, ஒரே ஆள். நெறிமுறை, கடவுச்சொல், மென்பொருள் எல்லாம் இரண்டிரண்டு.

1988இல் எஸ்.என்.எம்.பி. வரையப்பட்டபோது இப்படியொரு பிரிவு திட்டத்தில் இல்லை. படிக்க ஒரு கட்டளை, எழுத ஒரு கட்டளை என இரண்டுமே அதற்குள் இருந்தன. எழுதும் பாதி எப்போது, எதனால் கைவிடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடையின் மிகச் செறிவான வடிவம், ஆர்.எஃப்.சி. என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரில் 2002 டிசம்பரில் வெளிவந்த 3410இல் இருக்கிறது. ஜெஃப்ரி கேஸ், ரஸ் மண்டி, டேவிட் பார்ட்டைன், பாப் ஸ்டூவர்ட் நால்வரும் எழுதியது. 1999இல் அவர்களே எழுதிய 2570இன் திருத்திய பதிப்பு. மூன்றாம் பதிப்பு எஸ்.என்.எம்.பி.க்கு முன்னுரையாக எழுதப்பட்டாலும் உண்மையில் அது ஒரு வரலாறு. முதல் பதிப்பில் காவல் என்று சொல்லத்தக்கது கம்யூனிட்டி என்னும் வெறும் சொல் மட்டுமே. இரண்டாம் பதிப்பு தரவு வகைகளையும் செயல்களையும் செப்பனிட்டது, ஆனால் அடையாளச் சரிபார்ப்பு, மறையாக்கம், அனுமதி வரையறை, தொலைவிலிருந்து கட்டமைக்கும் வசதி ஆகிய இலக்குகளை எட்டாமல் நின்றது. மூன்றாம் பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது என்பது அதன் கதைப்போக்கு. இதிலிருந்து வாசகர் எடுத்துக்கொள்ளும் முடிவு ஒன்றுதான்: பாதுகாப்பு இல்லாததால் எழுதும் பாதி முடங்கியது, பாதுகாப்பு வந்துவிட்டால் அது எழுந்து நடக்கும். பயிற்சி வகுப்புகளில் இன்றும் இதுவே பாடம்.

இந்த வாசிப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கேஸ், நிகழ்ச்சியை வெளியே நின்று பார்த்தவர் அல்லர். மார்க் ஃபெடார், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகியோருடன் சேர்ந்து 1990 மே மாத ஆர்.எஃப்.சி. 1157ஐ எழுதியவர். அவர் சுட்டும் அச்சத்துக்கு அடிப்படையும் உண்டு. கம்யூனிட்டிச் சொல் மறையாக்கம் இல்லாமல் கம்பியில் செல்கிறது. யு.டி.பி. வழியாகச் செல்வதால் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதலாம். மறுமொழி கைக்கு வராவிட்டாலும் ஒரே பொட்டலத்தில் கேடு விளைவிக்கலாம். 2002 பிப்ரவரி 12 அன்று சி.இ.ஆர்.டி. விடுத்த எச்சரிக்கை, ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகச் சோதனையை அடிப்படையாகக் கொண்டு, ஏராளமான நிறுவனங்களின் முதல் பதிப்பு நிரல்கள் சிதைந்த பொட்டலத்துக்கே குலைந்துபோகின்றன என்று காட்டியது. 3410 வெளிவந்த அதே ஆண்டு அது. அச்சம் மெய், அந்த அச்சமே காரணம் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

மறுப்புக்கான முதல் சான்று, பாதுகாப்பு வாசிப்பு தனக்கு ஆதாரமாகக் கொள்ளும் இடத்திலேயே கிடைக்கிறது. கீத் மெக்ளோக்ரியும் மார்ஷல் ரோஸும் 1988 ஆகஸ்டில் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1066, சாதனத்தில் எவற்றைப் படிக்கலாம், எவற்றை எழுதலாம் என்று வரிசைப்படுத்தும் முதல் பட்டியல், எம்.ஐ.பி.யின் முதல் வடிவம். எந்தப் பொருளைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு அதன் முகப்பில் விதிகள் உள்ளன. இரண்டாம் விதி, வலுக்குறைந்த கட்டுப்பாட்டுப் பொருட்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன என்கிறது. யாராவது அவற்றில் கைவைத்தாலும் சேதம் அளவோடு நிற்க வேண்டும். அன்றைய மேலாண்மை நெறிமுறைகளுக்கு அதைவிட வலுவான செயல்களைத் தாங்கும் பாதுகாப்பு இல்லை என்று காரணமும் தருகிறது. முகப்போடு நிறுத்தினால் கேஸ் குழுவின் வரலாறு முழுவதும் மெய்ப்பட்டுவிடும்.

பட்டியலுக்குள் போனால் நிலைமை வேறு. இடைமுகத்தின் நிர்வாக நிலை, அதாவது இஃப்அட்மின்ஸ்டேட்டஸ், எழுதத்தக்கது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதில் 2 என்று எழுதினால் அந்தப் போர்ட் அடைபட்டுவிடும். அது மேல் ஸ்விட்ச்சுக்குப் போகும் போர்ட்டாக இருந்தால் கட்டடத்தின் ஒரு பகுதியே வலையிலிருந்து துண்டாகும். எழுதியவர் அந்தப் பக்கம் இருந்தால் திருத்தி எழுதவும் வழியிருக்காது. பாதை அட்டவணையின் வரிகளும் எழுதத்தக்கவை. ஒரு பாதையின் வகையைச் செல்லாதது என்று மாற்றினால் அந்தத் திசைக்கான போக்குவரத்தே நின்றுவிடும். இவற்றை வலுக்குறைந்த கட்டுப்பாடு என்று எந்தப் பிணையப் பணியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். விதி ஒன்று சொல்கிறது, அட்டவணை வேறொன்று செய்கிறது.

பாடபேதத்தைப் பார்த்தால் விரிசல் இன்னும் அகலமாகிறது. அதே பட்டியல் 1990 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 1156 என்று மறுபதிப்பாகி, 1991 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1213 என்ற இரண்டாம் எம்.ஐ.பி.யாக விரிந்தது. முதலில் பொருட்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ 100க்குள் அடக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 1991இல் தொகுப்பாளர்கள் அதைத் திருத்தி, தொழில்நுட்ப அடித்தளம் விரிந்துவிட்டதால் வரம்பு உயர்த்தப்படுகிறது என்று குறித்தார்கள். ஆகவே விதிகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தே புதுக்கியிருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் விதி அப்படியே நிற்கிறது. அந்த விதிக்குக் கீழேயே, 1156இல் படிக்க மட்டும் என்றிருந்த ஐபிஃபார்வர்டிங் 1213இல் எழுதத்தக்கதாக மாறிவிட்டது. ஒரு சாதனம் பொட்டலங்களைக் கடத்துமா கடத்தாதா என்பதையே தீர்மானிக்கும் மாறி அது. இடைப்பட்ட 10 மாதங்களில் நெறிமுறையின் பாதுகாப்பில் மாற்றமேதும் நிகழவில்லை. 1157 அப்படியேதான் இருந்தது. பாதுகாப்புக் குறைவுதான் எழுதும் அதிகாரத்துக்கு அளவுகோல் என்றால் இந்த மாற்றம் நடந்திருக்கக் கூடாது. என் வாசிப்பில் இரண்டாம் விதி நடைமுறையை ஆண்ட சட்டம் அன்று, குழுவின் மனக்கவலையைப் பதிவு செய்த குறிப்பு. ஒரே ஒரு மாறியின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கலாம். விதி தொடாமல் விடப்பட்டதற்குக் கவனக்குறைவு காரணம் என்று வாதிடவும் இடமுண்டு. ஆயினும் பக்கத்து விதியைத் திருத்திய கை இதைக் காணாமல் போனது என்பதை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

அடுத்தது டெல்நெட். எழுதும் கட்டளையைக் கைவிட்ட பணியாளர்கள் கட்டமைப்புக்கு எதை நாடினார்கள்? 1983 மே மாத ஆர்.எஃப்.சி. 854இல் நிலைபெற்ற டெல்நெட்டை. அதிலும் கடவுச்சொல் ஒளிவுமறைவின்றித்தான் செல்கிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பின் தாத்து யூலோனன் 1995இல் எஸ்.எஸ்.ஹெச்.சை எழுதியதே இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதற்குப் பிறகும் ஸ்விட்ச்சுகளிலும் ரவுட்டர்களிலும் டெல்நெட் நெடுங்காலம் ஓடியது. இணைப்பு நிறுவிப் பேசுவதால் டெல்நெட்டில் முகவரியைப் பொய்யாக்குவது கடினம் என்பது சரிதான். அந்த அளவுக்கு அது எஸ்.என்.எம்.பி.யைவிட மேல். ஆனால் பாதுகாப்பைக் கருதி ஒன்றை விட்டவர்கள், ஏறக்குறைய அதே ஓட்டையுள்ள மற்றொன்றில் தங்கள் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தார்கள் என்பதைப் பாதுகாப்பு வாசிப்பு விளக்கவில்லை.

இரண்டாம் பதிப்பு பரவிய விதமும் இதையே காட்டுகிறது. 1993இல் பாதுகாப்போடு வந்த வடிவம் சிக்கல் மிகுந்ததாக இருந்ததால் நிலைக்கவில்லை. 1996 ஜனவரியில் பழைய கம்யூனிட்டிச் சொல்லையே வைத்துக்கொண்டு வந்த ‘2சி’ பரவியது. காரணம் எண்ணிகள். 32 பிட் எண்ணி 100 மெகாபிட் இணைப்பில் முழு வேகத்தில் ஏறக்குறைய 344 நொடிகளில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்குப் போகும். கிகாபிட் இணைப்பில் 34 நொடிகளே பிடிக்கும். டோபியாஸ் ஓட்டிகர் 1994இல் லெஸ்டரின் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 64 கிலோபிட் இணைப்பைக் கவனிக்க எழுதத் தொடங்கிய எம்.ஆர்.டி.ஜி., 5 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணியைப் படிக்கும். கிகாபிட் போர்ட்டில் அந்த இடைவெளிக்குள் எண்ணி பலமுறை சுற்றிவிடுவதால் வரைபடம் பொய்யாகும். 64 பிட் எண்ணியை முதல் பதிப்பால் சுமக்க முடியாது, 2சியால் முடியும். களத்தில் இருந்தவர்கள் எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்பதற்காகப் பதிப்பை மாற்றினார்கள், பாதுகாப்பு பழைய நிலையிலேயே இருந்தும்.

அப்படியானால் எழுதும் பாதியை முடக்கியது எது? 2002 ஜூன் 4 முதல் 6 வரை அமெரிக்காவின் ரெஸ்டன் நகரில் இணையக் கட்டமைப்புக் குழு நடத்திய பட்டறையின் அறிக்கை (ஆர்.எஃப்.சி. 3535, 2003 மே) இதற்கு நேரடியான வாக்குமூலம். கண்காணிப்புக்கு எஸ்.என்.எம்.பி. ஓரளவு நன்றாகவே உதவுகிறது என்று அது ஒப்புக்கொள்கிறது. கட்டமைப்பைப் பொறுத்தவரை அது அடுக்கும் குறைகள் வேறு வகையானவை: பணியாளர் ஒரு வேலையை மனத்தில் வைத்து யோசிக்கிறார், எஸ்.என்.எம்.பி.யோ மாறிகளின் குவியலாக உலகைப் பார்க்கிறது. ஒருமுறை எடுத்துவைத்த கட்டமைப்பைத் திரும்ப ஏற்றுவது கடினம். சாதன உற்பத்தியாளருக்கும் எழுதத்தக்க எம்.ஐ.பி.யை நிரலாக்குவது கட்டளை வரியை நிரலாக்குவதைவிடச் சிக்கல். 3410க்கு ஆறு மாதம் முன்பு நடந்த கூட்டம் இது.

1157இலேயே இதன் விதை இருக்கிறது. சாதனத்தை மறுதொடக்கம் செய்யத் தனிக் கட்டளை வேண்டியதில்லை. மறுதொடக்கத்துக்கு இன்னும் எத்தனை நொடி என்ற மாறியில் ஓர் எண்ணை எழுதினால் போதும் என்று அது எடுத்துக்காட்டுகிறது. ஏவல் முழுவதையும் எண்ணாக மாற்றிவிடும் இந்த யோசனை அழகானது. ஒரு போர்ட்டை மூடவும் திறக்கவும் அது பொருந்துகிறது. 24 போர்ட்களை மூன்று வி.லேன்களாகப் பிரித்து, இடையில் தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய வேலைக்கு அது பொருந்துவதில்லை.

எழுதும் கட்டளை பிழைத்திருக்கும் இடங்களைப் பார்த்தால் இந்த எல்லை தெளிவாகிறது. 3535 தானே விதிவிலக்காகச் சுட்டுவது கேபிள் மோடத்தை. இன்னொன்று சிஸ்கோ சாதனங்களின் பழைய ரைட்நெட் மாறி: டி.எஃப்.டி.பி. சர்வரின் முகவரியைச் சுட்டி அதில் ஒரு கோப்பின் பெயரை எழுதினால், சாதனம் தன் கட்டமைப்பு உரை முழுவதையும் அங்கே அனுப்பிவிடும். இங்கே கட்டமைப்பைச் சுமப்பது உரைக்கோப்பு, எஸ்.என்.எம்.பி. அதைத் தூண்டும் விசை மட்டும். மூன்றாவது, திருப்பூர்ப் பக்கம் எவருக்கும் பயன்படக்கூடியது. 2003 டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 3621, ஈதர்நெட் கம்பி வழியே மின்சாரம் தரும் போர்ட்களுக்கான எம்.ஐ.பி. செக்கிங் கூடத்துக் கூரையில் இருக்கும் கண்காணிப்புக் கேமரா உறைந்துபோனால் ஏணி போட்டு ஏற வேண்டியதில்லை; அந்தப் போர்ட்டின் மின்சார மாறியில் 2 எழுதி அணைத்து, பின் 1 எழுதி எழுப்பலாம். மறுதொடக்கம் பற்றிய 1157இன் எடுத்துக்காட்டு ஏறத்தாழ அதே வடிவில் இங்கே உயிரோடு இருக்கிறது.

மூன்றாம் பதிப்பு வந்தபின் என்ன ஆனது என்பதே கேஸ் குழுவின் வாசிப்புக்கு இறுதிச் சோதனை. அதன் பாதுகாப்பு உறுதியானது. பயனர் பெயர், சரிபார்ப்புக்கும் மறையாக்கத்துக்கும் தனித்தனிச் சாவி, 150 நொடிக்கு மேல் காலம் தவறிய செய்தியை ஏற்காத நேரக்கட்டுப்பாடு, 2004 முதல் ஏ.இ.எஸ். மறையாக்கம். ஆனால் இந்தச் சாவி கடவுச்சொல்லோடு சாதனத்தின் எஞ்சின் அடையாளத்தையும் கலந்து உருவாவது. பல சாதனங்களில் அந்த அடையாளம் மேக் முகவரியிலிருந்து பிறக்கிறது. சிஸ்கோவின் பழைய ஐ.ஓ.எஸ்.ஸில் மூன்றாம் பதிப்புப் பயனர் வரி, ஓடும் கட்டமைப்பு உரையில் தெரிவதே இல்லை. இதன் விளைவை நடைமுறையில் பாருங்கள். இரவுப் பணியில் மின்னழுத்த ஏற்றத்தால் ஒரு ஸ்விட்ச் எரிந்துபோகிறது. கைவசமுள்ள மாற்றுப் பெட்டியில் சேமித்த கட்டமைப்பு உரையை ஏற்றுகிறார்கள். வி.லேன்கள் வருகின்றன, போர்ட்கள் வருகின்றன, தையல் பிரிவின் பவர் டேபிள் வரிசை மறுபடி இணைகிறது. கண்காணிப்பு மட்டும் வருவதில்லை, ஏனென்றால் பயனர் அந்த உரையிலேயே இல்லை. எஞ்சின் அடையாளமும் மாறிவிட்டது. பயனரைக் கையால் மீண்டும் உருவாக்க வேண்டும். பாதுகாப்பு வந்தது. ஆனால் பணியாளர் நம்பியிருக்கும் உரைக்கோப்புக்கு வெளியே நின்றது. இதை அறியாமல் 2சிக்கே திரும்பிவிடுபவரைச் சோம்பேறி என்று குறைசொல்வது அநியாயம்.

பயனர் வரிகளைத் தனியே எழுதி வைத்துக்கொள்வதும், மாற்றுப் பெட்டிக்கு எஞ்சின் அடையாளத்தைக் கையால் கொடுப்பதும் இதற்கு வழி. கட்டமைப்போடு சாதனப் பதிவுகளையும் காக்க வேண்டிய கட்டாயமும் வந்துவிட்டது. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, பதிவுகளை 180 நாட்கள் காக்கவும், கடிகாரங்களை என்.டி.பி. வழியே ஒத்திசைக்கவும், சைபர் நிகழ்வை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் கோருகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் பெரும்பாலானவை அந்த வகையில்தான் வரும். சிஸ்லாக்கும் என்.டி.பி.யும் ஸ்விட்ச்சில் அமைக்கப்படுவது கட்டளை வரியில்தான் என்பதையும் கவனிக்கலாம்.

தமிழ்நாட்டிலேயே இந்தப் பிரிவுக்கு ஒரு சான்று உண்டு. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் ஆகியோர் 1996இல் தொடங்கி, சென்னையில் வளர்ந்த அட்வென்ட்நெட், 2009இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் ஆரம்பகாலப் பொருட்கள் எஸ்.என்.எம்.பி. மென்பொருள் கருவிகளே, சாதனம் செய்யும் நிறுவனங்களுக்கு விற்றார்கள். அதன் மேனேஜ்என்ஜின் பிரிவு இன்று கண்காணிப்புக்கு ஆப்மேனேஜரையும், கட்டமைப்புக்கு நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் மேனேஜரையும் தனித்தனியே விற்கிறது. பின்னது எஸ்.எஸ்.ஹெச்., டெல்நெட் வழியாக உள்ளே சென்று உரையை எடுத்து வருவது, எஸ்.என்.எம்.பி.யோடு டி.எஃப்.டி.பி.யைச் சேர்க்கும் பழைய வழியும் அதில் ஒரு தேர்வு. எஸ்.என்.எம்.பி.யை வேரிலிருந்து அறிந்தவர்களே இரண்டையும் இரு பொருளாக்கியிருக்கிறார்கள் என்பதை நான் கனமான சான்றாகவே கொள்கிறேன். வணிகக் காரணங்களும் கலந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து வாதிடமாட்டேன்.

இணையத் தரநிலைப் பணிகளை வழிநடத்தும் ஐ.இ.எஸ்.ஜி. குழு 2014 மார்ச் 2 அன்று வெளியிட்ட அறிக்கை, கட்டமைப்பை உருவாக்கவும் மாற்றவும் எழுதத்தக்க எம்.ஐ.பி.களை இனிமேல் தெளிவான பயனும் ஒருமித்த கருத்தும் உள்ள இடத்தில் மட்டுமே உருவாக்கலாம் என்றும், மற்ற இடங்களில் கட்டமைப்புக்கென்றே உருவான நெட்கான்ஃப் நெறிமுறை, யாங் மொழி ஆகியவற்றின் வழியை நாட வேண்டும் என்றும் கூறியது. பாதுகாப்பான மூன்றாம் பதிப்பு 1998இல் முதலில் வெளியாகி 16 ஆண்டுகள் ஆன பிறகு வந்த தீர்ப்பு இது. குறை பாதுகாப்பில் மட்டும் இருந்திருந்தால் அதற்குள் எழுதும் பாதி மீண்டிருக்க வேண்டும்.

எப்போது என்ற கேள்விக்கு இவ்வளவு உறுதியாக விடை சொல்ல முடியாது. 1991 மார்ச் கீழ் எல்லை: ஐபிஃபார்வர்டிங்கை எழுதத்தக்கதாக்கியவர்கள் யாராவது அதை எழுதுவார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். 2002 ஜூன் மேல் எல்லை: ரெஸ்டனில் கூடியவர்கள் பிரிவை ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றாகவே பேசுகிறார்கள். எம்.ஆர்.டி.ஜி.யும் எஸ்.எஸ்.ஹெச்.சும் 2சியும் ஒன்றையடுத்து ஒன்றாக வந்த 1995, 1996ஐ ஒட்டியே அது நிலைபெற்றது என்று கருத எனக்கு விருப்பம். ஆனால் தரநிலை ஆவணங்கள் எது அனுமதிக்கப்பட்டது என்றுதான் சொல்கின்றன, எது செய்யப்பட்டது என்று சொல்வதில்லை. இதைத் தீர்க்கக்கூடியவை அக்காலத்துக் கட்டமைப்புக் கோப்புகளே; அவையோ அடுத்த மாற்றத்தில் தம்மேலேயே எழுதப்பட்டு அழிபவை. பழைய பெட்டியை விற்கும்போதோ வரைபடத்தோடு கோர்த்தோ எடுத்துவைத்த அச்சுப் படிகள் எங்காவது இருந்தால், அவற்றில் கம்யூனிட்டி வரியின் முடிவில் ஆர்.ஓ. (படிக்க மட்டும்) என்று இருக்கிறதா ஆர்.டபிள்யூ. (படிக்கவும் எழுதவும்) என்று இருக்கிறதா, தாளின் மூலையில் தேதி உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.